கரையில் கிடைத்த மெட்டு

கண்ணாடி டம்ளரில் பாதியளவு தண்ணீர், அதன்மேல் இரண்டு விரல் உயரத்துக்குத் தேங்காய் எண்ணெய், நடுவில் ஒரு திரி. அப்படி இரண்டு டம்ளர்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது பக்கத்துக் குவார்ட்டர்ஸின் ஜன்னலில் அவை வந்து உட்காரும். ஏற்றி வைப்பவர் ரயில்வே கார்டு சாரின் மனைவி. ஏற்றியதும் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சற்று நேரம் நிற்பார். கைகளை எடுத்த பிறகுதான் உள்ளேயிருந்து கார்டு சாரின் குரல் கேட்கும். வாரம் முழுவதும் விசில் ஊதியும் கூட்ஸ் வண்டிச் சத்தத்துக்கு மேல் கத்தியும் பழகிய தொண்டை. பாட வரும்போது மட்டும் அது தணிந்து, பேசுவதைவிட மெதுவாக ஒலிக்கும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சிகந்திராபாத்தில் ஓர் ஆங்கில நாளிதழில் மூன்றாவது உதவி ஆசிரியனாக இருந்தேன். அண்ணனுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. மெட்டுகுடாவில் இரண்டறைக் குவார்ட்டர்ஸ். அதில் ஓர் அறையை அண்ணனும் அண்ணியும் எனக்கென்று விட்டுக் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கும் கார்டு சார் வீட்டுக்கும் நடுவே ஓர் இடுப்பளவுச் சுவர். அதன் மேல் வழியாகக் கருவேப்பிலையும் ஊறுகாயும் செய்தித்தாளும் போய் வந்துகொண்டிருந்தன.

கார்டு சார் கொங்கணக் கரையைச் சேர்ந்த யூதர். பெனே இஸ்ரேல் என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். முன்னோர் செக்கு ஆட்டியவர்கள். வெள்ளி மாலை தொடங்கிச் சனிக்கிழமை முழுவதும் ஓய்வு நாள் என்று செக்கை நிறுத்திவிடுவார்களாம். அதனால் ஊர்க்காரர்கள் அவர்களுக்குச் சனிவார எண்ணெய்க்காரர் என்று பேர் வைத்திருந்தார்கள். கார்டு சாருக்குச் செக்கு இல்லை, ரயில்தான். வெள்ளி இரவுக்கும் சனிக்கும் விழுகிற டியூட்டியை ஆங்கிலோ இந்திய கார்டுகளிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைகளை வாங்கிக்கொள்வார். அந்த மாற்றத்துக்கு எழுத்தில் எந்த உத்தரவும் கிடையாது. ஆனாலும் நான் அங்கிருந்த ஆறு ஆண்டுகளில் ஒரு முறையும் பிசகியதில்லை.

வீட்டில் மராட்டி, வெளியில் தக்கனி உருது, டிரைவர்களிடம் பழகிக் கற்ற தமிழ். இந்த மூன்றையும் கலந்துதான் என்னிடம் பேசுவார். நான் எடிட்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் எடிட்டர் சாப் என்றுதான் கூப்பிடுவார். அவருடைய பாட்டைப் பற்றி நான் முதன்முதலில் விசாரித்தபோது, சுவர்மேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது.

“நாங்க கப்பல்ல வந்தவங்க, எடிட்டர் சாப். கப்பல் உடைஞ்சுபோச்சு. ஏழு ஆம்பளை, ஏழு பொம்பளை கரைக்கு வந்தாங்க. புஸ்தகம் எல்லாம் தண்ணில. ஜெபத்துல ஒரே ஒரு வரி ஞாபகம் இருந்துச்சு. மிச்ச வார்த்தை எல்லாம் பின்னால கொச்சியில இருந்த எங்க ஆளுங்க வந்து சொல்லிக் கொடுத்தது. ஆனா இந்த ராகம் இருக்கே, இது அவங்க கொடுத்தது இல்லை. இது தொண்டையிலேயே இருந்துச்சு. தொண்டை நனையாதே.”

அவருடைய அப்பா அவரிடம் சொன்னதாம் இது. அப்பாவுக்கு அவருடைய அப்பா. ஜெருசலேம் கோயிலில் பாடிய மெட்டு, இரண்டாயிரம் வருஷம் பழையது என்றார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். நல்ல செய்தி என்று நினைத்ததும் உண்மை.

கார்டு சாருக்கு ஒரே மகள். புனேயில் நர்ஸ் படிப்பு முடித்து வந்து, இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். படித்த இடத்தில் மருந்தாளுநராக இருந்த ஓர் இளைஞர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார். அவளுக்கும் விருப்பம். அவரும் யூதர்தான், ஆனால் பாக்தாதிலிருந்து வந்த குடும்பம். அந்தக் குடும்பங்களில் பலருக்குக் கொங்கணக் கரை யூதர்களைப் பற்றி ஒரு சந்தேகம் இருந்தது. இத்தனை காலம் இந்த மண்ணில் கலந்து கிடந்தவர்கள் நம்மவர்கள்தானா என்பது அது. அந்த இளைஞருக்குத் தாய் தந்தை இல்லை, வளர்த்தவர் பெரியப்பா. பெரியப்பா சம்மதிக்காமல் அவர் கல்யாணம் செய்துகொள்ள மாட்டார். அவரை அப்படிச் செய்யச் சொல்லி வற்புறுத்த இவளும் தயாராக இல்லை. இதை அவள் அண்ணியிடம் துணி உலர்த்திக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

புனேயிலிருந்து பெரியப்பா எழுதிய கடிதம் மரியாதையானது. இவர்கள் வழக்கங்களின் பழமையைப் பற்றி ஏதேனும் ஆதாரம் உண்டா என்று அதில் கேட்டிருந்தார். கார்டு சார் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“எங்ககிட்ட காகிதம் ஏது? எல்லாம் கடல்ல. இந்த ராகம்தான் எங்க காகிதம். நீங்க பேப்பர்ல எழுதினா அச்சு ஆயிடும். அச்சு ஆனா அவங்க நம்புவாங்க.”

எழுதுகிறேன் என்றேன். எழுதுவதற்கு முன் இரண்டு பேரிடமாவது விசாரிக்க வேண்டும் என்பது எங்கள் ஆசிரியரின் விதி. கும்பகோணத்தில் பாட்டு கேட்டு வளர்ந்தவர் என்பதால் முதலில் அண்ணியிடம் பேச்சுக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அந்த மெட்டு இரண்டாயிரம் வருஷத்துப் பழசாம் என்று ஆரம்பித்தேன்.

“எந்தப் பாட்டு, தம்பி? வெள்ளிக்கிழமை பாடுவாரே, அதுவா? அது எங்க தெரு பஜனை மடத்துப் பாட்டாச்சே.”

நாலு வருஷமாகக் கேட்கிறீர்களே, ஒரு நாளும் சொல்லவில்லையே என்றேன்.

“இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? அவங்களும் மராட்டி பேசுறாங்க, அதான் பாடுறாங்கன்னு இருந்துட்டேன். சாமி பாட்டுதானே.”

தஞ்சாவூரை மராட்டியர் ஆண்ட காலத்தில் வந்த பாட்டு அது. அண்ணியின் தெருவில் சில மராட்டிக் குடும்பங்கள் இருந்தன. சனிக்கிழமைதோறும் தாளம் போட்டுப் பாடுவார்கள். அண்ணிக்கு வார்த்தைகள் தெரியும், பொருள் தெரியாது. வெங்காயத் தோலை மடியிலிருந்து உதறிவிட்டு நாலு வரி பாடிக் காட்டினார். நான் சங்கீதம் அறிந்தவன் இல்லை, ஆனால் காது உண்டு. கீழே தொடங்கி மூன்று படி ஏறுகிறது. அங்கே நிற்கிறது. இரண்டாம் வரி அதே படியைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. மூன்றாம் வரியின் முடிவில் மட்டும் ஒரு வித்தியாசம்: அண்ணி இறங்கிவிடுவார், கார்டு சார் இறங்காமல் கொஞ்சம் தங்குவார். மற்றதெல்லாம் ஒன்று.

அடுத்த நாள் எங்கள் அலுவலகத்துப் புரூஃப் ரீடரிடம் முனகிக் காட்டினேன். அவர் பர்பணிப் பக்கத்து மராட்டியர். நான் இரண்டாம் வரிக்கு வருவதற்குள் அவரே சேர்ந்துகொண்டார். அவருடைய கிராமத்தில் பண்டரிபுரத்துக்கு நடந்து போகிறவர்கள் எல்லாரும் பாடுவதாம். என் ஆசிரியரின் விதிப்படி செய்தி உறுதியாகிவிட்டது. நான் எழுத வேண்டியிருந்த செய்தி அது இல்லை என்பதுதான் சங்கடம்.

கட்டுரையை எழுதினேன். கப்பல் உடைந்ததை எழுதினேன், எண்ணெய் விளக்கை எழுதினேன். மெட்டைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில், “இது ஜெருசலேமிலிருந்து வந்த பழமையான மெட்டு என்று நம்பப்படுகிறது” என்று போட்டேன். இந்த வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை. நம்புகிறவர் பக்கத்து வீட்டில் இருந்தார். பத்திரிகைக்காரன் தப்பித்துக்கொள்ளக் கட்டிவைத்த வாசல் அது. எத்தனையோ முறை அதன் வழியாகப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் குனிந்துதான் போக வேண்டியிருக்கும்.

கட்டுரை வந்த அன்று கார்டு சார் அதை ஒர்க்‌ஷாப் வாசல் முதல் ஸ்டேஷன் வரை எல்லாருக்கும் காட்டினார். வெட்டியெடுத்துப் புனேக்கு அனுப்பினார். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. கட்டுரை படித்ததாகவும், வரும் வெள்ளிக்கிழமை தானே வந்து அந்தப் பாட்டைக் கேட்க விரும்புவதாகவும் பெரியப்பா எழுதியிருந்தார்.

வியாழக்கிழமை அந்த வீட்டில் மலிதா செய்தார்கள். நனைத்த அவலில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் ஏலக்காயும் பேரீச்சம்பழமும் சேர்த்துப் பிசைந்து, எலியா தீர்க்கதரிசியை நினைத்து வைக்கிற படையல் அது. நல்ல காரியம் கைகூட வேண்டும் என்று நேர்ந்துகொண்டால் செய்வார்கள். தேங்காய் துருவ அண்ணி போயிருந்தார். துருவுகிற கைக்குத் தோதாக, அந்த வீட்டின் பாட்டாயிற்றே என்று, அதே மெட்டைத் தனக்குத் தெரிந்த மராட்டி வார்த்தைகளோடு பாடியிருக்கிறார். டியூட்டி முடிந்து வந்த கார்டு சார் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று முழுப் பாட்டையும் கேட்டாராம். பிறகு, அண்ணியைக் கூப்பிடும் வழக்கப்படி பாபி என்று அழைத்து, இது எங்கே கற்றது என்று கேட்டிருக்கிறார். அண்ணி சொன்னார். சொன்னதோடு நிற்காமல், தம்பிக்கு இதை அப்போதே சொன்னேனே என்றும் சேர்த்துக்கொண்டார்.

கார்டு சார் சுவரைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்குத் தெரிந்து அவர் அப்படி வந்தது அது முதல் தடவை. ஒரு கையில் என் கட்டுரையின் இன்னொரு பிரதி. மற்றொரு கையில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி வந்த நேரமும் புறப்பட்ட நேரமும் தாமதத்தின் காரணமும் கார்டுகள் எழுதி வைக்கும் புத்தகம். இரண்டையும் என் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“தெரிஞ்சேதான் எழுதினீங்களா?”

“ஆமாம், சார்.”

புத்தகத்தைத் திறந்து ஒரு வரியின் கீழ் விரலை வைத்தார். “பாருங்க. நேத்து பன்னெண்டு நிமிஷம் லேட். கைக்கு, ஏன் லேட்? எருமை லைன்ல நின்னுச்சு. எருமைன்னு எழுதினேன். எருமை என்று நம்பப்படுகிறதுன்னு எழுதினா எனக்கு வேலை இருக்குமா?”

வேறு எந்த வேளையிலும் அதற்கு நான் சிரித்திருப்பேன். அவர் கோபமாக இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பெரியப்பாவிடம் யாரும் இதைச் சொல்ல வேண்டியதில்லையே, வந்து கேட்டுவிட்டுப் போகட்டுமே என்றேன். அவர் மறுத்துத் தலையை ஆட்டினார்.

“நக்கோ. பொண்ணைக் கொடுக்குற இடத்துல மூடி வைக்க நக்கோ. நான் சொல்றேன்.”

மகள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்ததை நாங்கள் அப்போதுதான் கவனித்தோம். சொன்னால் அவர் திரும்பிப் போய்விடுவார் அப்பா, என்றாள். என் முன்னால் அவர்கள் மராட்டியில் பேசுவதில்லை. அன்றும் மரியாதைக்காகத் தமிழும் தக்கனியுமாகவே பேசினார்கள்.

“போகலாம்,” என்றார் கார்டு சார். “ஆனா சொல்லாம அனுப்பினா, அந்த வீட்ல நீ வாயைத் திறக்கும்போதெல்லாம் பயப்படணும். குழந்தையைத் தூங்க வைக்கக்கூடப் பாட மாட்டே.”

அவள் உள்ளே போனாள். மறுநாள் காலை அவளே கூடத்தைக் கழுவி, பெரியப்பாவுக்கு மெத்தை விரித்ததை அண்ணி பார்த்தார்.

பெரியப்பா உயரமாக, ஒல்லியாக, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டோடு இருந்தார். எங்களையும் அழைத்திருந்தார்கள். விளக்கு ஏற்றியாயிற்று. கார்டு சார் வழக்கம்போலப் பாடினார். மூன்றாம் வரியின் முடிவில் வழக்கம்போலத் தங்கினார். பெரியப்பா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு மெல்லத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்போடு நிறுத்தியிருந்தால் கல்யாணம் முடிவாகியிருக்கும். கார்டு சார் எழுந்து நின்று, ஹிந்துஸ்தானியில், இந்த மெட்டு கப்பலில் வந்ததில்லை என்றார். கொங்கணத்தில் மராட்டியர் பாடுவது, இதோ இந்தப் பாபியின் ஊரிலும் பாடுகிறார்கள், நேற்றுவரை எனக்குத் தெரியாது, பேப்பரில் வந்தது தவறு. ரிப்போர்ட் கொடுக்கிற தொனியில் இவ்வளவையும் சொல்லி முடித்தார்.

அவருடைய மனைவிதான் ரொட்டித் தட்டை நகர்த்திக்கொண்டே, பொதுவாக யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். எனக்குப் புரிந்த வரையில் அது இது:

“கடல்லேந்து ஏறி வந்தவங்க நனைஞ்ச துணியோடயா உட்கார்ந்திருப்பாங்க? கரையில இருந்தவங்க ஏதாவது உடுத்தக் கொடுத்திருப்பாங்க.”

பெரியப்பா அண்ணியைப் பாடச் சொன்னார். அண்ணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நாலு வரி பாடினார். பெரியப்பா இந்த முறை கண்ணை மூடவில்லை. யோசித்து எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை பயணம் கூடாது என்பதால் மறுநாள் முழுவதும் அவர் அங்கேயே இருக்க நேர்ந்தது. இரண்டு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து மழையைப் பற்றியும் வாடி ஜங்ஷனில் வண்டி மாறுவதைப் பற்றியும் பேசினார்கள். ஞாயிறு காலை வண்டிக்குக் கார்டு, கார்டு சார்தான். வழியனுப்ப நானும் போயிருந்தேன். பதில் சொல்லாத விருந்தாளி ஏறிய வண்டிக்கு அவர் விசில் ஊதிப் பச்சைக் கொடியைக் காட்டினார். சரியான நேரத்துக்குக் காட்டினார்.

அந்த வாரமே ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டு ஒரு திருத்தம் போட்டேன். நாலு வரி. கார்டு சார் அதையும் வெட்டிப் புனேக்கு அனுப்பினார். பதில் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கு ஏறியது, பாட்டு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மூன்றாம் வெள்ளிக்கிழமை அவர் குரல் கேட்டது; வார்த்தைகளை மட்டும் மெட்டில்லாமல் படித்தார். பாடப் புத்தகம் படிப்பதுபோல இருந்தது. அண்ணி அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பின்கட்டில் போய் நின்றுகொண்டார். அதன்பிறகு எங்கள் வீட்டிலும் அவர் அந்த மெட்டை வாய்க்குள்கூட முனகவில்லை. மகள் தினமும் மாற்று ஷிப்டுக்கும் சேர்த்துப் போய் வந்தாள்.

ஆசிரியருக்கு வரும் கடிதங்களைப் பிரிப்பது என் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை புனே முத்திரையோடு ஒன்று இருந்தது. பெரியப்பாவின் கையெழுத்து, பத்திரிகைக்கு. கட்டுரையையும் திருத்தத்தையும் படித்ததாகத் தொடங்கியிருந்தார். திருத்தத்தைப் படித்த பிறகு தன் வீட்டில் பாடும் மெட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றியதாம். அறுபது வருஷத்தில் ஒரு முறையும் கேட்டதில்லையாம். பாக்தாதில் பிறந்த, தங்கள் சபையின் மிக மூத்தவரிடம் போயிருக்கிறார். அந்த முதியவர் சிரித்துவிட்டாராம். ஆற்றங்கரைக் காப்பிக் கடையில் ஓர் அரபிப் பாடகர் பாடிய காதல் பாட்டாம் அது, ஒரு பெண்ணின் கண்களைப் பற்றியது. வாலிபர்கள் அதை ஜெபாலயத்துக்குள் கொண்டுவந்தபோது அந்தக் காலத்துப் பெரியவர்கள் கோபப்பட்டார்களாம். “தங்கள் பத்திரிகை தன் பிழையைத் திருத்திக்கொண்டதுபோல நானும் என் பிழையைத் திருத்திக்கொள்ள விரும்புகிறேன்” என்று முடித்திருந்தார்.

கையொப்பத்துக்குக் கீழே, அச்சிட அல்ல என்ற குறிப்போடு மூன்று வரிகள் இருந்தன. அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் எழுந்து போன கூச்சத்தால் நேரே எழுதத் தயங்கினார் என்று நினைக்கிறேன். நான் ஸ்கேலை வைத்து அந்த மூன்று வரிகளைக் கிழித்தெடுத்தேன். மேலே இருந்ததை அச்சுக்கு அனுப்பினேன். இப்போது நான் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. எத்தனை ஆயிரம் கடிதங்களைச் சுருக்கினேன், எதை வைத்தேன், எதை நீக்கினேன் என்று கேட்டால் ஒன்றும் நினைவில்லை. அச்சில் வந்த பகுதியைத் தேடினால் ஏதாவது பழைய கோப்பில் கிடைக்கலாம். அச்சில் வராத மூன்று வரிகள்தான் எனக்கு மனப்பாடம். “பக்கத்து வீட்டுக் கார்டிடம் சொல்லவும். கல்யாணம் பெண் வீட்டில். இரண்டு மெட்டும் பாடுவோம். எது முதலில் என்பதை அவர் சொல்லட்டும்.”

மத்தியானமே விடுப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மகள் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். துண்டுச் சீட்டை அவளிடம் கொடுத்தேன். வாசித்தாள். அப்பா வரட்டும் என்று சொல்லி, வெள்ளைச் சீருடை கசங்குவதைப் பாராமல் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். அரை மணி நேரத்தில் கார்டு சார் வந்தார். கரிப்புகை படிந்த முகம். சீட்டை வாங்கி நின்றபடியே வாசித்தார். அச்சுக்குப் போன பகுதியை நான் வாயால் சொன்னேன்: பாக்தாத், காப்பிக் கடை, பெண்ணின் கண்கள். அவர் சீட்டை மறுபடி பார்த்தார். அதில் பதில் கேட்டிருந்த வரியின் கீழே விரலை ஓட்டினார். மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவங்களுது முதல்ல,” என்றார்.

ஏன் சார் என்று நான்தான் கேட்டேன்.

“கல்யாண வீடு, எடிட்டர் சாப். காதல் பாட்டுதான் முதல்ல வரணும். சாமி பாட்டு கொஞ்சம் காத்துக்கிட்டு இருக்கட்டும், அதுக்குப் பழக்கம்.”

மகள் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. என்ன ஆச்சு, என்ன சொன்னாங்க என்று கேட்டுக்கொண்டே அண்ணி மாவுக் கையோடு சுவரோரம் வந்து நின்றார்.